காலைக்கடனுக்குப் பத்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது ஆண்டுகள் செவிலியாக வேலை பார்த்தவள் நான். வருகிறவர்கள் தலைவலி என்பார்கள், பசியில்லை என்பார்கள். போகும்போது கதவருகே நின்று, தணிந்த குரலில், "நான்கு நாளாகப் போகவில்லை, சிஸ்டர்" என்பார்கள். அந்தத் தணிந்த குரலுக்காகத்தான் இன்று மலச்சிக்கலைப் பற்றி உரக்கப் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. வாரம் இரண்டு முறைதான் போகிறாள், அதுவும் அழுதுகொண்டே என்று அவளுடைய ஆயா அழைத்து வந்தார். கீரை, பப்பாளி எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டார். பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். அவள் பையைத் திறந்தேன். தண்ணீர்ப் புட்டி, காலையில் நிரப்பியது, கழுத்து வரை அப்படியே இருந்தது.

"ஏன் கண்ணு குடிக்கவில்லை?"

"குடித்தால் போக வேண்டி வரும், ஆன்ட்டி. அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை."

ஒரு தாழ்ப்பாள்! அது இல்லாததால் ஒரு குழந்தை நாள் முழுக்கத் தாகத்தோடு இருந்திருக்கிறாள். மலம் கழிக்கும் உந்துதலை அடக்கினால் அது அடங்கித்தான் போகும். ஆனால் உள்ளே தங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகும், வலிக்கும். வலிக்குப் பயந்து மறுபடியும் அடக்குவாள். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெரியவர்களும் இதையேதான் செய்கிறோம்.

அரை மணி முன்னதாக எழுப்பச் சொன்னேன். தண்ணீர், கஞ்சி, பிறகு பத்து நிமிடம் கழிப்பறை. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும்; காலையில் அந்த அசைவு வலுவாக இருக்கும். காலுக்கடியில் ஒரு முக்காலி போட்டோம். முழங்கால் இடுப்புக்கு மேலே வந்தால் உள்ளே இருக்கும் வளைவு நிமிரும், தோட்டத்துக் குழாயின் மடிப்பை நீக்கியது போல. மூன்றாம் வாரம் அழுகை நின்றது. ஆயா பள்ளிக்கே போய்ப் பேசித் தாழ்ப்பாளும் போட வைத்தார். மறுபடியும் சொல்கிறேன்: உந்துதல் வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். புரட்டாசியில் மட்டும் வயிறு லேசாக இருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வது உண்டு. இறைச்சியை நிறுத்தியதால் என்று நினைக்கிறோம். அந்த இடத்தில் பருப்பும் பீன்ஸும் கீரையும் வந்தனவே, அதைப் பார்க்க வேண்டும். வேகவைத்த பருப்பு ஒரு கோப்பையில் சுமார் 15 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் உணவை ஆராய்ந்த வாக்கரும், உகாண்டாவில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பர்கிட்டும் 1972இல் இதைத்தான் எழுதினார்கள்: நார் மிகுந்த உணவு உண்ணும் ஆப்பிரிக்கக் கிராமத்தார் குடலில் உணவு தங்கும் நேரம் குறைவு. பழைய சோள உணவை விட்டு வெள்ளை ரொட்டிக்கு மாறிய நாம் புரட்டாசியை ஏன் ஒரே மாதத்தோடு முடிக்க வேண்டும்?

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். விரைவாகச் சொல்கிறேன். ஈசப்கோல் என்ற நார்த்தூள் சாப்பிட்டால் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு. நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பும். இரும்புச்சத்து மாத்திரையும் கோடீன் கலந்த வலி மாத்திரையும் மலத்தை இறுக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைக்கு விளக்கெண்ணெய் வேண்டாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். கதவருகே போகும் வரை காத்திருக்காமல், உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். வணக்கம்.