விளிம்புக்கு இரண்டு விரல் கீழே

நேயர்களுக்கு வணக்கம். நேற்று வாங்கிய தக்காளியில் இன்று காலை இரண்டு அழுகிக் கிடந்தால் நாம் கடைக்காரரைத்தான் குறை சொல்வோம். பெரும்பாலும் அந்த அழுகல் அவர் கடைக்கு வருவதற்கு முன்பே, தோட்டத்து வரப்பிலேயே தொடங்கிவிடுகிறது. எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன்.

சேலம் மாவட்டம் மேச்சேரிப் பக்கம் பழம் பறித்து நிரப்பும் இடத்தில் நின்று பாருங்கள். பிளாஸ்டிக் பெட்டியில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரைக்கும்தான் பழம் இருக்க வேண்டும். அப்போதுதான் மேலே அடுக்கும் பெட்டியின் பாரத்தை விளிம்பு தாங்கும். ஆனால் பெட்டிக் கணக்கில் ஏலம் நடக்கும் மண்டியில் கும்பாச்சியாக இல்லாத பெட்டிக்கு மதிப்பில்லை. விவசாயி என்ன செய்வார்? கோபுரமாகக் கொட்டுகிறார். அப்புறம் மேல் பெட்டியின் பாரம் முழுவதும் தக்காளியின் மேல்தான்.

லாரியில் ஏற்றும்போது ஒன்றும் தெரியாது. மண்டியில் இறக்கும்போதும் பளபளவென்றுதான் இருக்கும். மறுநாள்தான் தோலில் மயிரிழை போல ஒரு கீறல், அதில் நீர்க்கசிவு, பிறகு பூஞ்சணம். நசுக்கியது ஓரிடம், நட்டம் வேறொருவர் தலையில். இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சூரமங்கலம் உழவர் சந்தையில் ஓர் அம்மா செங்காயைத் தனியாக, பழத்தைத் தனியாக, ஆழமில்லாத கூடைகளில் தாள் விரித்துக் கொண்டுவருவார். நான் மேலாகப் பார்த்தபோது, "மேல பாக்காதீங்க சார், அடியில கையை விட்டுப் பாருங்க" என்றார். விட்டுப் பார்த்தேன், ஒரு பழம்கூடக் கசியவில்லை. அவர் விற்பது கிலோக் கணக்கில். கோபுரம் கட்ட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. 1999இல் உழவர் சந்தை வந்தபோது இடைத்தரகர் இல்லாத விலையைத்தான் எல்லோரும் பேசினோம். பழம் கைமாறுவது குறைந்தால் அடிபடுவதும் குறையும் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஏற்காட்டில் கதை வேறு. அங்கே கொய்யாவும் பட்டர் ஃபுரூட்டும் மூட்டையில் தளர்வாக இறங்கினால், 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வரும். பெட்டி நிறைந்து வழிந்தாலும் சேதம், மூட்டை தளர்ந்தாலும் சேதம்.

வெயில் நேரத்தில் பறித்துக் குவித்தால் குவியலின் நடுவில் சூடு ராத்திரி வரை இறங்காது. அதிகாலைப் பறிப்பே நல்லது. லாரி சாயங்காலம் வருகிறதே என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில். பழுத்த தக்காளியோடு கீரையை வைக்காதீர்கள், பழம் விடும் எத்திலீன் வாயுவில் கீரை சீக்கிரம் மஞ்சளாகும். செங்காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், சரியாகப் பழுக்காது. கல்யாணப் பந்தியைப் பற்றிப் பேச நேரமில்லை. வணக்கம்.