பட்டியல்ல சுகர் தனி வரி, மனசு தனி வரி, கட்டில்ல ஒரே ஆளு

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி உக்காந்திருக்க நர்சிங் பிள்ளைங்கள பாத்ததும் எழுதிட்டு வந்த பேப்பர ஓரமா வச்சிட்டேன், நேராவே பேசிடறேன்.

நாட்டுக்கு முக்கியமான நோய்கள் இதுதான்னு ஒரு அரசாங்கம் பட்டியல் போட்டா அது எங்கயோ மேல நடக்கிற சமாச்சாரம்னு நெனைக்கிறோம், ஆனா அடுத்த வருஷமே அது நம்ம கைல புது ஃபாரமா, புது ட்ரெய்னிங்கா, புது ட்யூட்டியா வந்து நிக்குது. ஆஸ்திரேலியால 1990கள்ல போட்ட பட்டியல்லயே சர்க்கரை நோய், மனநலம் ரெண்டும் இருந்துச்சு. ஏன் இந்த ரெண்டும் எல்லா நாட்டுலயும் மேல வருதுன்னா, உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல 2022ல 80 கோடிக்கு மேல ஆளுங்களுக்கு சர்க்கரை நோய், 2019ல எட்டுல ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநல பாதிப்பு.

பட்டியல்ல ரெண்டும் தனித்தனி வரி. பணமும் தனி, ஆளும் தனி. கட்டில்ல படுத்திருக்கிறது ஒரே ஆளு. நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஒரு அம்மா, பல வருஷமா இன்சுலின் போடுறவங்க. டோஸ் ஏத்திக்கிட்டே போறோம், சுகர் எறங்கவே இல்ல. ஒருநாள் ஊசி போடுற எடத்த காட்டுங்கன்னு கேட்டேன், வயித்துல தொப்புளுக்கு பக்கத்துல உள்ளங்கை அளவுக்கு கெட்டியா ஒரு வீக்கம். ஒரே எடத்துல குத்திக் குத்தி கொழுப்பு தடிச்சுப்போச்சு, அதுல இன்சுலின் போட்டா ஒழுங்கா உறிஞ்சாது. எடத்த மாத்தி மாத்தி போடணும்னு யாரும் சொல்லலையான்னு கேட்டேன். "சொன்னாங்க சிஸ்டர், இங்க குத்துனா வலிக்காது, அதுக்கு மேல யோசிக்க மனசே இல்ல, எதுக்கு இதெல்லாம்னு இருக்கு"ன்னாங்க. சார்ட்டுல அவங்க சுகர் மூணு வேளையும் இருந்துச்சு, இந்த "எதுக்கு இதெல்லாம்" எழுத ஒரு கட்டம் கூட இல்ல. சர்க்கரை இருக்கவங்களுக்கு டிப்ரஷன் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு படிச்சிருப்பீங்க, படிக்கிறது வேற, அந்த வீக்கத்த தொட்டுப் பாக்குறது வேற.

இன்னொன்னு சொல்றேன், சொல்லும்போது இன்னைக்கும் நெஞ்சு அடைக்குது. நைட் ட்யூட்டி, ஒருத்தர் கத்துறார், ட்ரிப்ப பிடுங்கி எறியிறார். ஃபைல்ல பழைய மனநோய்னு எழுதிருக்கு, அந்த ஒரு வரிய பாத்துட்டு வியாதி திரும்பிடுச்சுன்னு முடிவே பண்ணிட்டோம், மயக்க ஊசிய எடுத்தது நான்தான். கூட இருந்த சின்ன பொண்ணு, வேலைக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகல, "சட்டை நனையிற அளவுக்கு வேர்க்குது, விரல்ல குத்தி பாக்கலாமா"ன்னு கேட்டா. பாத்தா சுகர் 42. 70க்கு கீழ போனாலே லோ சுகர். திரும்ப லைன் போட்டு டெக்ஸ்ட்ரோஸ், அதான் சர்க்கரைத் தண்ணி, ஏத்துன கொஞ்ச நேரத்துல அந்த மனுஷன் "என்னாச்சு சிஸ்டர்"னு அமைதியா கேட்டார். அந்த ஊசிய போட்டிருந்தா அவர் தூங்குறார்னு நெனச்சு விட்டிருப்போம்.

மனநல வார்டுல இருக்கவங்களுக்கும் இதே கதிதான். ஓலன்சபின், க்ளோசபின் மாதிரி மனநோய் மாத்திரைங்க வெயிட்டையும் சுகரையும் ஏத்தும், ஆரம்பிக்கும்போதே வெயிட், இடுப்பளவு, சுகர் எடுத்து வச்சு அப்பப்ப பாத்துக்கிட்டே வரணும். தீவிர மனநோய் இருக்கவங்க மத்தவங்கள விட 10 முதல் 20 வருஷம் முன்னாடியே செத்துப்போறாங்க, பெரும்பாலும் தடுக்கக்கூடிய உடம்பு வியாதிலதான். கால் எரியுதுன்னு அவங்க சொன்னா கற்பனைன்னு தள்ளிவிடாதீங்க, சர்க்கரையாலயும் இருக்கலாம், காலுறைய கழட்டி பாருங்க.

இதுக்கெல்லாம் வேணுங்கிறது நேரம். எத்தன ஊசி போட்டோம், எத்தன பிபி பாத்தோம்னு எண்ணுறாங்க, அந்த அம்மாகிட்ட நான் உக்காந்து பேசுன இருபது நிமிஷத்த யாரும் எண்ணல. ஒரு வார்டுக்கு எத்தன நர்ஸ்னு கணக்கு போடும்போது அந்த இருபது நிமிஷமும் வேலையா சேரணும், சேராத வரைக்கும் பட்டியல்ல எந்த நோய மேல வச்சாலும் பாரம் மட்டும்தான் நம்ம மேல ஏறும். நிர்வாகத்துல இருக்கவங்க இங்க வந்திருக்கீங்க, உங்ககிட்ட கேக்குறேன்.

பிள்ளைங்களா, நாளைக்கு சுகர் பாக்கப் போகும்போது கூடவே ரெண்டு கேள்வி: கடந்த ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமில்லாம இருந்துச்சா, மனசு சோர்ந்து நம்பிக்கையே இல்லாம இருந்துச்சா. ஆமான்னா பக்கத்துல உக்காருங்க, சாகணும்னு தோணுதான்னும் நேரா கேளுங்க, கேக்கிறதால அந்த நெனப்பு புதுசா வந்துடாது. அப்புறம் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ட்யூட்டி மாறும்போது ஹேண்டோவர்லயும் சுகர் நம்பரோட சேத்து சொல்லுங்க.

கேள்வி இருக்கவங்க கை தூக்குங்க, பின் வரிசைலேர்ந்து ஆரம்பிக்கலாம்.