1971: நெறியும் நலனும் வலிமையும்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை வகுப்பவை நெறியா, நலனா, வலிமையா என்ற பழைய கேள்விக்கு, 1971ஆம் ஆண்டின் இந்தியாவைப் போலத் தெளிவான சான்று அரிது என்பது என் எண்ணம்.

அவ்வாண்டு மார்ச் 25 இரவு, இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ ஒடுக்குமுறை தொடங்கிய பின், ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். திரிபுராவில் அவர்களின் எண்ணிக்கை உள்ளூர் மக்கள்தொகையையே நெருங்கியது. அவர்களைக் காப்பது அறம். அவர்கள் பத்திரமாக ஊர் திரும்புவதோ இந்தியாவின் நலன். இரண்டையும் அன்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் எப்போது இறங்குவது என்பதை வலிமையே தீர்மானித்தது. ஜூலையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சர் பாகிஸ்தான் வழியாக இரகசியமாகப் பெய்ஜிங் சென்றுவந்து, அமெரிக்காவும் பாகிஸ்தானின் நண்பனான சீனாவும் நெருங்குவது தெரிந்ததும், ஆகஸ்ட் 9 அன்று இந்தியா சோவியத் ஒன்றியத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. இந்தியாவின் அணிசேராக் கொள்கையை மதிப்பதாக அதன் நான்காம் பிரிவில் சோவியத் தரப்பு எழுதித் தந்தது. அணிசேராமைக்கு ஒரு வல்லரசிடம் நற்சான்று வாங்க வேண்டியிருந்தது என்பது சற்று வேடிக்கைதான். இமயக் கணவாய்களைப் பனி மூடினால் சீனப் படை வருவது கடினம் என்பதும் கணக்கில் இருந்தது.

டிசம்பர் 3இல் போர் மூண்டது. டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபையில் போர்நிறுத்தத்தையும் படை விலக்கத்தையும் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 104 வாக்குகளும் எதிராக 11 வாக்குகளும் விழுந்தன. யூகோஸ்லாவியா, எகிப்து போன்ற அணிசேரா நண்பர்களும் ஆதரித்து வாக்களித்தார்கள். அவர்கள் வங்காளிகளின் துயரத்தை அறியாதவர்கள் அல்லர். எல்லைகளை ஆயுதத்தால் மாற்றக் கூடாது என்ற நெறிதான் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்குக் கவசமாக இருந்தது. பயாஃப்ரா பகுதி பிரிந்துபோக முயன்றதால் மூண்ட உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத நைஜீரியா வேறு எப்படி வாக்களித்திருக்கும்?

பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது; கட்டுப்படுத்தக்கூடிய பாதுகாப்புச் சபையில் சோவியத் ரத்து அதிகாரம் (வீட்டோ) துணைநின்றதால் இந்தியா அத்தீர்மானத்தைப் புறக்கணிக்க முடிந்தது. எனினும் அந்த 104 வாக்குகள் வீண்போயின என்று நான் கருதவில்லை. டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த மறுநாளே மேற்கு முனையில் இந்தியா தானாகப் போரை நிறுத்தியது; 1972 மார்ச்சில் இந்தியப் படைகள் வங்கதேசத்தை விட்டு வெளியேறின. நிலத்தைப் பிடிக்க வந்தவர்கள் என்ற பழிக்கு அதன்பின் இடமில்லாமல் போனது.