கிராம சபையில் மனசைப் பற்றியும் பேசுவோம்

மேடையில் இருக்கிற பஞ்சாயத்து பிரசிடென்ட், மெம்பர்மார், ஆஷா சுகாதாரப் பணியாளர் தங்கச்சிகள், ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு லயத்திலிருந்து, அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளிலிருந்து, இறங்கி வந்திருக்கிற அக்காமார், எல்லோருக்கும் வணக்கம். மன நலத்துக்குப் பஞ்சாயத்து என்ன செய்யலாம் என்று பேசக் கூப்பிட்டார்கள். கேரளத்து இடுக்கியின் இந்தத் தேயிலை மலையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், பார்த்ததை வைத்தே பேசுகிறேன்.

கொழுந்து கிள்ளுகிற ஒரு அக்கா ஓ.பி.க்கு வருவார். தலை கனம், நெஞ்சு படபடப்பு, கை கால் குடைச்சல் என்பார். டாக்டர் நல்லவர்தான், மலையாளத்தில் "உறக்கம் உண்டோ?" என்று கேட்பார். இவர் "உண்டு சார்" என்பார். வரிசையில் பின்னால் நாற்பது பேர், மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்துவிடுவார். ஊசி போடுகிற இடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தமிழில் வரும்: "எங்க சிஸ்டர் தூங்குறது, அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட், வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க, எங்க போறதுன்னு யோசிச்சிட்டே விடிஞ்சிடுது." அந்த அக்காவுக்கு இருந்த நோய் எதுவென்று நீங்களே சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை வேண்டியதுதான், ஆனால் அது வீட்டைத் தருமா?

தேவிகுளம், பீர்மேடு பக்கம் நாலைந்து தலைமுறையாக நம் ஆட்கள் இருக்கிறோம். 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை செய்கிறவருக்கு வீடு கொடுக்கச் சொன்னது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. லயத்தை விடாமல் இருக்க வேண்டுமென்றால் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிய வேண்டும், காலேஜ் முடித்த பிள்ளையைக் கூடையைத் தூக்கு என்று சொல்ல முடியாமல் அம்மாவும், மாட்டேன் என்று சொல்ல முடியாமல் பிள்ளையும் ஒரே அறைக்குள் பேசாமல் கிடக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தேனிப் பக்கமோ தென்காசிப் பக்கமோ சொந்த ஊர் என்று ஒன்று இருக்கும், அங்கே போனால் அடையாளம் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். இந்த மனக்கஷ்டத்துக்கு மருந்துக் கடையில் மருந்து இல்லை. அரசாங்கத்தின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டவும் முதலில் நிலம் வேண்டும், நமக்கு அதுதான் கிடையாது. அதனால் ரிட்டயர் ஆகப் போகிறவர்கள் பட்டியலை இரண்டு மூன்று வருஷம் முன்னாலேயே வார்டு வாரியாக எடுத்து, நிலத்துக்கும் வீட்டுக்கும் பஞ்சாயத்து எழுதிப் போட ஆரம்பிக்க வேண்டும். இதை நான் மன நல வேலை என்றுதான் சொல்வேன். யாராவது சிரித்தாலும் பரவாயில்லை, அப்படித்தான் சொல்வேன்.

அப்புறம் மழை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து இறங்கி லயங்களை மூடியது, 70 பேர் போய்விட்டார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை, செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மழை வலுக்கிற ராத்திரியில் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு கவுன்சலிங் தேவை, கட்டாயம் தேவை. அதோடு கூட மழை அளக்கிற கருவி, தமிழில் வருகிற எச்சரிக்கை, ராத்திரி போய்த் தங்க ஒரு பள்ளிக்கூடம், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்ற விவரம், இவ்வளவும் வேண்டும். போக இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனுஷிக்குத் தூக்கம் வரும்.

டாக்டருக்கு எங்கே போவது என்று மெம்பர் கேட்பார், சரியான கேள்வி. கேரளத்தில் அரசாங்க மன நல மருத்துவமனை மூன்று, திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடை, திருச்சூர், கோழிக்கோட்டில் குதிரவட்டம். இடுக்கியில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் மாறி, மலை இறங்கி யார் போவார்கள்? ஆனால் நம்மிடம் இன்னொன்று இருக்கிறது. 2008ல் பாலியேட்டிவ் கொள்கை, அதாவது தீராத நோயாளிகளுக்கு வலி தணிக்கிற பராமரிப்புக் கொள்கை, வந்த பிறகு படுக்கையில் கிடக்கிறவரைத் தேடி பஞ்சாயத்து நர்ஸும் ஆஷாவும் வண்டியில் வீட்டுக்கே வருகிறார்கள். அந்த வண்டி போகாத வார்டு உண்டா? அதே வண்டியில், அதே ஆட்களோடு, மனசு சோர்ந்து வீட்டுக்குள்ளேயே முடங்கினவரையும் பார்க்கலாமே. கோழிக்கோட்டில் 2008 முதல் ஒரு அமைப்பு ஊர்த் தொண்டர்களை வைத்து மன நல வேலையைச் செய்து வருகிறது, ஆகாத காரியம் இல்லை. குடும்ப சுகாதார நிலையத்தில் மனச்சோர்வுக்கு ஆஷ்வாசம் கிளினிக் என்று திட்டமே இருக்கிறது. நமக்கு வேண்டியது, தமிழ் தெரிந்த ஒருவர் அதில் உட்காருவதும், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போகிற நேரத்தில் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையோ சாயங்காலமோ அது திறந்திருப்பதும். பஞ்சாயத்து கேட்டால் நடக்கும், கேட்காவிட்டால் நடக்காது.

வட்டவடை, காந்தலூர் பக்கம் காய்கறி போடுகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் தற்கொலைத் தடுப்பு வேலை செய்கிற சென்னை ஸ்நேகா அமைப்பு ஒரு வேலை செய்து பார்த்தது. பூச்சிமருந்தை யாரும் வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுப் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிற அந்த வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரம் கைக்கெட்டாமல் இருந்தால் ஆள் தப்பித்துவிடும். ஒரு அறை, பூட்டு, ஒரு பொறுப்பாளர் போதும், இதற்கெல்லாம் பஞ்சாயத்திடம் பணம் இல்லை என்று சொல்ல முடியாது.

சாராயத்தைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போட வேண்டும். இன்று ஒன்றே ஒன்று. குடியை நிறுத்த நினைக்கிற அண்ணன்மாருக்கு விமுக்தி மையம் இருக்கிறது, திட்டாமல் கூட்டிக்கொண்டு போங்கள். திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம், அதனால் டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

ஒருவர் உயிரை விட முயன்று பிழைத்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகுமென்று பயந்து மறைக்கிறோம். 2017ஆம் வருஷத்து மன நலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசாங்கத்தின் கடமை என்றும் அதில் எழுதியிருக்கிறது. தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், திரும்பி வந்த பிறகு அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தாதீர்கள். பேச ஆள் இல்லாத ராத்திரிக்கு 14416, அரசாங்கத்தின் மன நல உதவி போன் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழில் பேசலாம். இந்த நம்பரை ரேஷன் கடைச் சுவரிலும் அங்கன்வாடியிலும் பஸ் நிறுத்தத்திலும் தமிழில் பெரிதாக எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும்.

2015ல் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து நம் தோட்டப் பெண்களின் பொம்பிளை ஒருமை போனஸ் கேட்டதை நாடே பார்த்தது. அந்தத் தைரியம் கிராம சபையிலும் வேண்டும். வார்டு கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட வேண்டும். மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள், இந்த மாநிலத்துத் தமிழர்களுக்குச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. தமிழ் பேசுகிற கவுன்சிலர், ஞாயிறு கிளினிக், மழைக்காலத் தங்குமிடம், ரிட்டயர் ஆகிறவர் பட்டியல், இந்த நாலையும் எழுதிக் கொடுத்து, மினிட்ஸில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், பேனாவும் பேப்பரும் கொண்டுவந்திருக்கிறேன்.