பீம் ஊரின் மே நாள்: கணக்குக் கேட்டவர்களின் ஆண்டுக் கூடல்

அவையில் கூடியிருக்கும் உழைக்கும் பெருமக்களே, நண்பர்களே, வணக்கம்.

மக்கள் அமைப்புகள் ஆண்டுதோறும் ஏன் கூட வேண்டும், கூடி என்ன செய்ய வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இதைப் பொதுப்படையாகப் பேசினால் எல்லோரும் ஒப்புக்கொள்வோம். வீட்டுக்குப் போனதும் மறந்தும் விடுவோம். ஆகையால் ஒரேயோர் அமைப்பின் ஆண்டுக் கூடலை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். ராஜஸ்தான் மாநிலத்தின் நடுப்பகுதியில், இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்தில், பீம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1990ஆம் ஆண்டு மே 1 அன்று சுற்றுவட்டாரக் கிராமங்களின் கூலித் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் கூடி, மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன், அதாவது தொழிலாளர் விவசாயிகள் ஆற்றல் சங்கம், என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அன்று முதல் அவர்களுடைய ஆண்டுக் கூடல் மே நாளிலேயே, அதே ஊரில் நடந்து வருகிறது. மாநாடு என்று சொல்லாமல் மேளா, அதாவது திருவிழா என்றே அதை அழைக்கிறார்கள்.

இந்த அமைப்பின் வித்து அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஊன்றப்பட்டது. சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, பின்னர் அதை விட்டு விலகிய அருணா ராயும், அவரோடு நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் 1987இல் தேவ்டூங்ரி என்ற குக்கிராமத்தில், அந்த ஊர் மக்கள் வசிப்பது போன்ற ஒரு சிறிய வீட்டில் குடியேறினார்கள். அது வறண்ட நிலம். மழை பொய்க்கும் ஆண்டுகளில் அரசு நடத்தும் வறட்சி நிவாரண வேலைதான் அங்கே கஞ்சிக்கு வழி. அந்த வேலையில்கூடச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கைக்கு வருவதில்லை. வறட்சி நிவாரண வேலையானாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று, ராஜஸ்தானிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983லேயே தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது, கூலி மட்டும் குறைவாகவே வந்தது. ஏன் என்று கேட்டால், "நீங்கள் வேலை செய்யவில்லை, எம்-புக்கில் அப்படித்தான் அளவு இருக்கிறது" என்பதே பதில். செய்த வேலையின் அளவைப் பதிவு செய்யும் ஏடான அந்த எம்-புக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால், அது அரசாங்க ரகசியம் என்றார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏட்டைப் பார்க்க முடியாததால் கூலியை இழந்த பெண்கள், அந்த ஏட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்று முடிவு செய்ததிலிருந்துதான் அது கோரிக்கையாயிற்று. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். எப்படியோ கிடைத்த கணக்குப் பிரதிகளை ஊர் நடுவே ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். என்.எம்.ஆர். எனப்படும் கூலியாட்களின் வருகைப் பட்டியலில் வேலை பார்த்ததாகப் பெயர் இருந்தவர்கள் எழுந்து, தாங்கள் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்றார்கள். முடிந்துவிட்டதாகக் கணக்கு எழுதப்பட்ட கட்டடம் கூரையில்லாமல் நின்றது அந்த ஊருக்கே தெரியும். ஆனால், முடிந்துவிட்டதாக யாரோ கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. ஊழல் நடக்கிறது என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவது ஆட்சியாளர்களை அசைப்பதில்லை. இன்ன நாளில் இன்ன பெயருக்கு இத்தனை ரூபாய் என்று வாசித்து, அந்தப் பெயருக்குரியவரே எழுந்து நின்று மறுக்கும்போதுதான் அது அசைக்கிறது.

அடுத்து நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊராட்சிக் கணக்குகளின் நகலை மக்கள் பெறலாம் என்று முதலமைச்சர் 1995 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கடந்தும் ஆணை வராததால், 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தர்ணா தொடங்கி, 40 நாள் நீடித்தது. மறு ஆண்டு ஜெய்ப்பூரில் 53 நாள் தர்ணா. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதே முழக்கம். அந்த இயக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண் தலைநகர் டெல்லியில் பத்திரிகையாளர்களிடம் கொடுத்த விளக்கத்தை விடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை: பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரால் கோடிக்கணக்கில் செலவு செய்யும் அரசிடம் நான் கேட்கக் கூடாதா என்றார் அவர். ராஜஸ்தானில் 2000இலும், நாடு முழுமைக்கும் 2005இலும் சட்டம் வந்தது. தமிழ்நாடு 1997லேயே இத்தகைய சட்டத்தை இயற்றிய முதல் மாநிலம் என்பது உண்மை. ஆனால் விதிவிலக்குகள் மிகுந்த அந்தச் சட்டம், போராடிப் பெற்ற சட்டத்தைப் போல மக்கள் கையில் புழங்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

இப்போது பீம் மேளாவுக்கு வருகிறேன். இந்த அமைப்பு தேர்தலில் நிற்கும் கட்சியன்று; உறுப்பினர்கள் சிலர் ஊராட்சித் தேர்தலில் நின்றதுண்டு, அவ்வளவே. நிறுவனங்களிடமிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ நிதி வாங்குவதில்லை. முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலி அளவுக்கே ஊதியம் பெறுகிறார்கள். இத்தகைய அமைப்புக்கு மக்கள் ஆதரவு இருக்கிறதா இல்லையா என்பதை எந்த வாக்குப் பெட்டியும் சொல்லாது. மே மாத வெயிலில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சொந்தச் செலவில் பேருந்தேறி எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் அதற்குக் கிடைக்கும் ஒரே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை ஆண்டுக்கு ஒருமுறை தானே கேட்டுப் பெறும் துணிவு அந்த அமைப்புக்கு இருக்கிறது. ஊரார் கணக்கைக் கேட்பவர்கள் தங்கள் வரவு செலவையும் ஊரார் முன் வைத்தாக வேண்டும் என்பதை அவர்கள் ஒரு கட்டுப்பாடாகவே கடைப்பிடிக்கிறார்கள். இந்தக் கூடலை நான் உயர்வாகக் கருதுவதற்கு முதற்காரணம் இதுவே.

மேளாவில் ஊர்வலம் உண்டு, பாட்டு உண்டு, சங்கர் சிங்கின் பொம்மலாட்டமும் நாடகமும் உண்டு. நம் மேடைகளில் கலை நிகழ்ச்சி என்பது தலைவர்கள் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்கும் ஏற்பாடாகச் சுருங்கிவிட்டது. அதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. அங்கே அது அரசியல் கல்வியின் நடுநாயகம். எழுத்தறியாத ஒரு மூதாட்டிக்கு அளவு ஏட்டில் எப்படித் திருட்டு நடக்கிறது என்பதை ஒரு பொம்மை காட்டிவிடுகிறது. அதைப் பார்த்துச் சிரித்தவர், மறுமுறை மக்கள் விசாரணையில் ஏடு வாசிக்கப்படும்போது எந்த இடத்தில் குறுக்கிட வேண்டும் என்று அறிந்தே வருகிறார். நூறு நாள் வேலைச் சட்டம் என்று நாம் அழைத்துவந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற வாசகம் இடம்பெற்றதற்குப் பின்னால், இந்த ஊர்நடுவே வாசிக்கும் பழக்கம் நிற்கிறது.

நண்பர்களே, இந்தப் பழக்கத்தின் வேரிலேயே இன்று கை வைக்கப்பட்டிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவின்படி, பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றி நுழையும் தனிப்பட்ட தகவலை மட்டுமே முன்பு மறுக்க முடிந்தது. பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் தர வேண்டும் என்றிருந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற அருமையான வாசகமும் அதனோடு சேர்ந்திருந்தது. 2023இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவின் மூலம் இவற்றையெல்லாம் நீக்கி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று மாற்றுகிறது. 8(2) பிரிவின் பொதுநல விலக்கு அப்படியே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் மறுப்பது இயல்பு, தருவது சலுகை என்று தராசு சாய்ந்துவிட்டது. என்.எம்.ஆர். பட்டியலில் பெயரைத் தவிர வேறென்ன இருக்கிறது? ரேஷன் பட்டியலில், ஓய்வூதியப் பட்டியலில், ஒப்பந்ததாரர் பில்லில் இருப்பதெல்லாம் பெயர்களே. பெயரை மறைத்துவிட்டுக் கொடுக்கும் பட்டியலை ஊர்நடுவே வாசித்தால், "அது நானில்லை" என்று எழுந்து சொல்ல யாருக்கு வாய்ப்பிருக்கும்?

ஏழைகளின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பொதுப்பணம் யார் பெயரால் எடுக்கப்பட்டது என்பது அந்தரங்கம் ஆகாது.

நம் மாநிலத்தில் மே 1 வெறும் தொழிலாளர் நாள் மட்டுமன்று; கிராம சபை கூட வேண்டிய நாளும் அதுவே. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றி நடத்திய மே நாள்தான் இந்தியாவின் முதல் மே நாள். பீமில் மக்கள் போராடி உருவாக்கிக்கொண்ட கூடல், நமக்கு ஒவ்வோர் ஊரிலும் அரசாணையாகவே கிடைத்திருக்கிறது. அப்படியிருந்தும் நம் அமைப்புகள் அன்று காலையில் கொடியேற்றி, மாலையில் பொதுக்கூட்டம் நடத்தி, இடையில் நடக்கும் கிராம சபையை ஊராட்சித் தலைவருக்கும் செயலருக்கும் விட்டுவிடுகின்றன. சபைக்குப் போகிறவர்களும், கூட்டம் முடிந்தபின் எழுதிக்கொள்ளப்படும் தீர்மானத்துக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

எனவே இந்த அவை ஏற்க வேண்டும் என்று ஒரு வேலைத்திட்டத்தை முன்வைக்கிறேன். வருகிற மே நாளுக்கு இரண்டு மாதம் முன்பே, நம் ஊராட்சிகள் ஒவ்வொன்றிலும் முந்தைய ஆண்டு நடந்த ஏதேனும் ஒரு பணியை மட்டும், அது சாலையோ குளமோ கழிவுநீர்க் கால்வாயோ, தேர்ந்தெடுத்து, அதன் மதிப்பீடு, எம்-புக், என்.எம்.ஆர்., பில் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிப்போம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் மேல்முறையீடு செய்யவும் அவகாசம் இருக்கும். கிராம சபையில் வைக்க வேண்டிய படிவம் 30 வரவு செலவைப் பலகையில் எழுதி வைத்ததோடு விடாமல், வாய்விட்டு வாசிக்கச் சொல்வோம். வாசித்து முடியும் வரை தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட மாட்டோம். அன்று மாலை நாம் நடத்தும் பொதுக்கூட்டத்தில், உரைகளுக்கு முன்னால், இந்த அமைப்பு சென்ற மே நாளிலிருந்து வசூலித்த நன்கொடை எவ்வளவு, அது எதற்குச் செலவாயிற்று என்பதை நம் பொருளாளர் வாசிக்கட்டும். கேள்வி கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒலிபெருக்கி கொடுக்கப்படட்டும்.