500 ரூபாய் நோட்டுக்கும் ஏடிஎம் கார்டுக்கும் நடுவில் ஒரு குட்டிப் பாதம்!

பர்ஸை எடுங்கள். ஒரு 500 ரூபாய் நோட்டு, ஒரு ஏடிஎம் கார்டு வேண்டும். மாதக் கடைசியா? சரி, புது 100 ரூபாய் நோட்டு போதும், அகலம் ஒன்றுதான்.

(திரையில்: நோட்டும் கார்டும் ஸ்கேல்மேல்)

நோட்டின் அகலம் 6.6 சென்டிமீட்டர். கார்டின் நீளம் 8.56. தராசே இல்லாத ஊரில் பிறந்த குழந்தை ரொம்பச் சின்னதா என்பதற்கான பதில் இந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கிறது.

பிறக்கும்போது 2500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. 1919-இல் பின்லாந்து மருத்துவர் அர்வோ யுல்ப்போ போட்ட கோடு. அவர் 104 வயது வரை வாழ்ந்தார். வரலாறு முடிந்தது, வாங்க.

வீட்டில் பிரசவம், தராசு கிடையாது. பாட்டி பார்த்துவிட்டு "எலிக்குஞ்சு மாதிரி இருக்கே" என்பார். அதை எண்ணாக மாற்ற எதை அளப்பது? தலை, பிரசவத்தில் நசுங்கி நீண்டிருக்கும். மேல்கையில் டேப்பை இறுக்கினால் ஒரு எண், தளர்த்தினால் வேறு எண். மார்புச் சுற்றளவு நல்ல அளவுதான். ஆனால் துணியை விலக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்குத் தோலடியில் கொழுப்பு கம்மி, சட்டென்று உடம்பு சில்லிட்டுவிடும். யாரைக் காப்பாற்ற அளக்கிறோமோ அதையே குளிரில் போடுவதா?

பாதத்துக்கு அந்த வம்பு இல்லை, துணியின் நுனியைத் தூக்கினால் போதும். ஸ்கேல் உள்ளங்காலில் பட்டதும் அஞ்சு விரலும் சுருண்டுகொள்ளும், அழகு! விரியும்வரை பொறுத்திருந்து, குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை படிக்க வேண்டும்.

தெற்கு தான்சானியாவில் கிராமத்துத் தன்னார்வலர்களை வைத்தே இதைச் செய்து பார்த்தார்கள். 8 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வீட்டிலேயே கூடுதல் கவனிப்பு: அம்மாவின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து வைப்பது, அடிக்கடி தாய்ப்பால். 7-க்கும் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரி.

எனக்குப் பிடித்ததே இந்த இரண்டு கோடுகள்தான். 8-இல் கோடு போட்டால் நல்ல எடையுள்ள குழந்தைகளும் நிறையச் சிக்கும். சிக்கட்டுமே! அம்மா மடியில் கூட நாலு மணி நேரம் கிடந்தால் எந்தக் குழந்தைக்கு நஷ்டம்? ஆஸ்பத்திரி அப்படியில்லை. வண்டிக்குக் காசு வேண்டும், வேலை கெடும், பிரசவித்த உடம்போடு அலைய வேண்டும். அதனால் அங்கே கோடு கறார்.

இந்தக் கோடு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தமிழ்நாட்டில் பிரசவம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான், அங்கே எடை மெஷின் இருக்கிறது, அதையே நம்புங்கள். தயவுசெய்து நோட்டைக் குழந்தையின் காலில் வைக்காதீர்கள், அது எத்தனை மீன்கடை பார்த்ததோ!

நீங்கள் பிறந்தபோது எடை எவ்வளவு? அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கமெண்டில் எழுதுங்கள். அப்பாவிடம் கேட்டால், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார்.