அரைப் புள்ளித் தூரம்

நேயர்களுக்கு வணக்கம். பால் கெரெஸ் என்ற எஸ்டோனிய கிராண்ட்மாஸ்டரைச் சதுரங்க உலகம் ‘என்றும் இரண்டாமவர்’ என்று அழைத்தது. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு மனம் பொறுக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

1916-இல் பிறந்தவர். தந்தை ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். அவர் வளர்ந்த ஊரில் சதுரங்க நூல்கள் கிடைப்பது அரிது. அதனால், கண்ணில் பட்ட ஆட்டங்களையெல்லாம் கையால் எழுதி வைத்தார். ஒன்றிரண்டல்ல, ஏறக்குறைய 1000 ஆட்டங்கள்! எதிரே உட்கார்ந்து ஆட வலுவான ஆளும் இல்லை. பையன் என்ன செய்தான்? தபாலில் ஆடினான். நம் நகர்வை எழுதி அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே ஆட்டம் மாதக்கணக்கில் நீளும். அப்படி ஒரே சமயத்தில் 150 ஆட்டங்கள் வரை ஆடியிருக்கிறார். எண்ணிப் பாருங்கள்: தபால்காரர் வரும் நாளெல்லாம் புதிய புதிர்கள். எந்தச் சிக்கலுக்கும் அஞ்சாத அவருடைய தாக்குதல் ஆட்டம் அந்த அஞ்சலட்டைகளில்தான் விளைந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

1938-இல் நெதர்லாந்தில் நடந்த ஆவ்ரோ போட்டிக்கு உலகின் தலைசிறந்த எட்டுப் பேர் வந்தார்கள். அன்றைய உலக சாம்பியன் அலெகின், கபாபிளாங்கா, போட்வின்னிக் எல்லாரும் இருந்தார்கள். 22 வயது கெரெஸும் அமெரிக்கரான ஃபைனும் சமப் புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார்கள். அடுத்து அலெகினோடு பட்டப் போட்டி என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். மறு ஆண்டே போர் வந்துவிட்டது. எஸ்டோனியாவை முதலில் சோவியத் படை பிடித்தது, பிறகு ஜெர்மானியப் படை, பிறகு மீண்டும் சோவியத் படை. ஓர் ஆட்டக்காரரின் மிகச் சிறந்த வயது அப்படிக் கழிந்தது. இதை மறந்துவிட்டு ‘இரண்டாமவர்’ என்பது எப்படி நியாயம்?

போருக்குப் பின், உலக சாம்பியனை எதிர்கொள்பவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் 1953, 1956, 1959, 1962 என்று தொடர்ந்து நான்கு முறை இரண்டாம் இடம். ஆம், நான்கு முறை! 1959-இல் முதலிடம் பெற்ற டாலுடன் கெரெஸ் நான்கு ஆட்டங்கள் ஆடினார். மூன்றில் வென்றார், ஒன்றில் தோற்றார். வென்றவரையே வென்றவர் அவர். ஆனால் டால் மற்றவர்களிடம் புள்ளிகளை வாரிக் குவித்துவிட்டார்.

1962-இல் குரசாவ் தீவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. பென்கோ என்ற ஆட்டக்காரரை அதே போட்டியில் மூன்று முறை வென்றிருந்த கெரெஸ், கடைசிக்கு முந்தைய சுற்றில் அவரிடமே தோற்றார். பெட்ரோசியன் 17.5, கெரெஸ் 17. அந்த ஒரு ஆட்டத்தை டிரா செய்து அரைப் புள்ளி பெற்றிருந்தால் இருவரும் சமம். மறு ஆண்டு பெட்ரோசியன் உலக சாம்பியன் ஆனார்.

காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான முடிவாட்டத்தில் கெரெஸின் திறனைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன்; கடிகாரம் இடம் தரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கபாபிளாங்கா முதல் ஃபிஷர் வரை ஒன்பது உலக சாம்பியன்களை அவர் வென்றிருக்கிறார். 1975-இல் வான்கூவர் போட்டியில் முதலிடம் பெற்று, ஊர் திரும்பும் வழியில் ஹெல்சின்கியில் மாரடைப்பால் இறந்தார். எஸ்டோனியா மீண்டும் விடுதலை பெற்றபின் அச்சிட்ட 5 குரோன் நோட்டில் இருந்தது அவர் முகம். நன்றி, வணக்கம்.